உள்துணியில் ஈரம்

அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஜெபக்காவுக்குப் பிடிபடவே இல்லை.

சொட்டச் சொட்ட நனைந்த ஈரம் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் கருவிப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். மேல்துணி மொறமொறவென்று காய்ந்திருக்கும். அதை விலக்கினால் உள்துணியில் ஒரு சாசர் அளவுக்கு, ஓரம் கலைந்த ஒரு திட்டு. தொட்டால் சில்லென்று இருக்கும். அவ்வளவுதான். ஆனால் அதுவே போதும். பொட்டலம் பிரித்தது பிரித்தபடி கீழே, ஜெபக்கா வேலை செய்யும் கிருமிநீக்கப் பிரிவுக்கே திரும்பி வந்துவிடும். அதற்கு முன்னால் தியேட்டர் சிஸ்டரின் போன் வந்துவிடும்.

“மறுபடியும் ஈரம்,” என்றார் சிஸ்டர். அன்றைக்கு அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. “அதே சின்ன எலும்பு செட்தான். நல்லவேளை, உன் தங்கச்சி பாப்பாவுக்கு மயக்க மருந்து கொடுக்கறதுக்கு முன்னாடியே பிரிச்சுப் பார்த்துட்டேன். டாக்டர் கையெல்லாம் கழுவிட்டு நின்னவர், ஒரு வார்த்தை பேசாம கிளம்பிட்டார்.”

“அடுத்த வாரம் வருவார்ல சிஸ்டர்?”

“வருவார். அதுதான் கடைசி. அப்புறம் வேற ஊருக்குப் போறார். குழந்தை இடுப்புல கத்தி வைக்கத் தெரிஞ்ச ஆள் நம்மகிட்ட வேற யார் இருக்கா? என்ன பண்ணுவியோ தெரியாது. எனக்குக் காஞ்ச செட் வேணும்.”

ஜெபக்கா போனை வைத்தாள். ‘தங்கச்சி பாப்பா’ என்று சிஸ்டர் சொன்னது தங்கச்சி மகள் சிட்டுவை. பிறக்கும்போதே அவளுக்குத் தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழியில் சரியாக உட்காரவில்லை. கதவு கீலில் ஆணி விலகினால் கதவு எப்படித் தொங்கித் தொங்கி ஆடுமோ, அப்படித்தான் நடப்பாள். எலும்பு இளசாக இருக்கும்போதே உட்கார வைத்துவிட்டால் ஓடுவாள். தள்ளிப்போடப் போடக் குழி தூர்ந்துகொண்டே போகும், பிறகு யார் வந்தாலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது. அதற்கு வேண்டிய குட்டிக் குட்டி உளியும் சுத்தியும் இடுக்கியும் அந்த மருத்துவமனையில் ஒரே ஒரு செட்தான் இருந்தது. அதைத்தான் ஈரம் பிடித்து ஆட்டியது.

இதில் யாரைக் குறை சொல்ல? அந்த செட்டைக் கழுவி, அடுக்கி, துணி சுற்றி, நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் வைத்து எடுப்பவள் ஜெபக்காவேதான்.

ஈரத்துக்கு ஏன் இவ்வளவு கலவரம் என்று கேட்கலாம். பஞ்சுத் துணியை உருப்பெருக்கியில் பார்த்தால் தெரியும். நூலும் நூலும் பின்னிக் கிடக்கிற ஒரு புதர் அது. காற்றில் மிதந்து வருகிற கிருமி அந்தப் புதருக்குள் நுழைந்தால் வழி தெரியாமல் எங்காவது சிக்கி நின்றுவிடும். அதனால்தான் காய்ந்த துணி, அதுவும் இரண்டு மடிப்பாகச் சுற்றிய துணி, ஒரு மதில்சுவர். அதே துணி நனைந்துவிட்டால் நூலிழைகளுக்கு நடுவே தண்ணீர் ஓடைபோல் நிற்கும். சுவரில் சிக்கி நின்ற கிருமிக்கு அது படகுப் பயணம். வெளியே இருப்பது சொகுசாக உள்ளே போய்விடும். ஆகவே சட்டம் இதுதான்: உள்துணியில் ஈரம் கண்டால், கருவி எவ்வளவு பளபளத்தாலும் அது சுத்தமில்லை.

சரி, நீராவியில் அவித்து எடுத்த பொட்டலம் நனைந்துதானே வரும்? வராது. அதுதான் அந்த இயந்திரத்தின் அழகு. முதலில் ஒரு பம்பு உள்ளேயிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிடும், ஏனென்றால் காற்று உட்கார்ந்திருக்கும் மடிப்புக்குள் நீராவிக்கு இடம் கிடைக்காது. பிறகு அழுத்தத்தோடு நீராவி பாயும். குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் அது தண்ணீராக மாறும். மாறும்போது தன் சூட்டையெல்லாம் இரும்புக்குக் கொடுத்துவிடும். கிருமியைக் கொல்வது அந்தச் சூடுதான். வேலை முடிந்ததும் பம்பு மறுபடி உறிஞ்சும். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் அல்லவா? இரும்பில் ஒட்டியிருக்கும் துளியெல்லாம் அந்த இரும்பின் சூட்டாலேயே ஆவியாகிப் போய்விடும். தன்னை நனைத்ததைத் தானே உலர்த்திக்கொண்டு வெளியே வரும் பொட்டலம்.

இத்தனையும் ஜெபக்காவுக்கு மனப்பாடம். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் சொல்லிக் கொடுப்பாள். கதவைத் திறந்து டிராலியை இழுத்த பிறகு ஆறும்வரை எவரும் தொடக்கூடாது என்று ஒற்றைக் காலில் நிற்பாள். ஒருமுறை யாரோ விரலால் தட்டிப் பார்த்ததற்கு, அன்று முழுக்க அந்தப் பெண்ணோடு அவள் பேசவில்லை.

‘ஜெபக்கா’ என்று பெயர் வைத்தது, ஆட்டோகிளேவைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். மொட்டைத் தலை, வாயை மூடத் தெரியாத மனிதன். சாமி, கோயில், சர்ச் எதுவும் அவனுக்கு ஒத்துவராது. அவள் எப்போதும் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, “அக்கா, நீங்க வெறும் அக்கா இல்ல, ஜெபக்கா” என்றான். அது ஒட்டிக்கொண்டது. சம்பளம் போடுகிறவர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

முணுமுணுப்பு மட்டும் இருந்த காலத்தில் ஈரம் இல்லை. இதை அவளும் கவனித்திருந்தாள், ஆனால் வேறு விதமாக. அவர்கள் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. வெளியிலிருந்து வந்த போதகர் மேடையை விட்டு இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே வந்து நின்று கேட்டார்: “ஞாயிற்றுக்கிழமை உருகுறீங்க. திங்கட்கிழமை உங்க விசுவாசம் எங்க போகுது? மேஜை டிராயர்ல வச்சுப் பூட்டிடறீங்களா? உங்க கையில வர்ற வேலை மேல கைவச்சு ஜெபம் பண்ணுங்க. உங்க மெஷின் மேல கைவைங்க. ஆண்டவர் அங்கயும் இருக்கார்.” ஜெபக்காவுக்குத் தன்னைப் பார்த்தே சொன்னதுபோல் இருந்தது. அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாளிலிருந்து எல்லாவற்றின் மேலும் கைவைத்தாள். பஸ் சீட்டின் மேல், துணி அலமாரியின் மேல், லிஃப்ட் பொத்தானின் மேல்.

“அக்கா, என் பைக் ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது. ஒரு கை வைங்களேன்,” என்றான் மெக்கானிக் ஒருநாள்.

அவள் உண்மையாகவே இறங்கிப் போய்க் கைவைத்து ஜெபித்தாள். பைக் உறுமியது.

“பார்த்தியா தம்பி?”

“பார்த்தேன். நீங்க கண்ணை மூடினப்போ பெட்ரோல் ஊத்தினேன்.”

“ஊத்தணும்னு உனக்குத் தோண வச்சது யாரு?”

அவளோடு வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டான்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் ஈரம் வர ஆரம்பித்தது. அவள் போட்ட கணக்கு எளிமையானது. நான் எழும்பினேன், சத்துரு, அந்தச் சாத்தான், சும்மா இருப்பானா? என் வேலையிலேயே கைவைக்கிறான். அதனால் இன்னும் அதிகமாக ஜெபிக்க வேண்டும். சிட்டுவின் ஆபரேஷன் முதல்முறை தள்ளிப்போனபோது உபவாசம் இருந்தாள். தங்கச்சி வேறு, “அக்கா, அந்தச் செட்டுக்காக நல்லா பாரமா ஜெபம் பண்ணுக்கா” என்று விம்மினாள். பண்ணினாள். இரண்டாவது முறையும் ஈரம். முதல்முறையைவிடப் பெரிய திட்டு.

மெக்கானிக் இயந்திரத்தைப் பிரித்து மேய்ந்துவிட்டான். நீராவியோடு தண்ணீர் கலந்து வருகிறதா என்று குழாயைப் பார்த்தான். கலக்கவில்லை. கதவு ரப்பரைப் பார்த்தான். புதுசு. பம்பு உறிஞ்சும் வேகத்தைப் பார்த்தான். நன்றாகவே உறிஞ்சியது. கடைசியில் அந்தச் சின்ன எலும்பு செட்டையே அவள் கையால் சுற்றித் தரச்சொல்லி, தானே உள்ளே வைத்து, தானே டிராலியை இழுத்து வெளியே விட்டு, டீ குடிக்கப் போய்விட்டான். ஆறியதும் இருவரும் பிரித்துப் பார்த்தார்கள். சுக்காகக் காய்ந்திருந்தது.

“மெஷின்ல ஒண்ணுமில்லக்கா.”

“அப்போ நான் செய்யும்போது மட்டும் ஏன் ஈரம் வருது?”

“அதைத்தான் நானும் கேக்குறேன். அதுக்கு உங்க மேல ஏதாவது கோவமா?”

“விளையாடாத தம்பி. பிள்ளையோட கால் இது.”

அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். “சரி. ஆரம்பத்துலேர்ந்து என்ன பண்றீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கழுவுவது, காற்றடித்துக் காயவைப்பது, தட்டில் கனமானதைக் கீழேயும் லேசானதை மேலேயும் அடுக்குவது, முதல் துணி, இரண்டாம் துணி, சூடு பட்டால் கறுக்கும் கோடுபோட்ட டேப், அலமாரியில் ஒன்றோடொன்று இடிக்காமல் செங்குத்தாக வைப்பது, கதவு, பொத்தான், காத்திருப்பது, கதவைத் திறப்பது, சூட்டுக் கையுறையோடு டிராலியை இழுத்து ஓரமாக விடுவது, ஆறவிடுவது. புத்தகத்தில் இருப்பது போலவே இருந்தது. அவன் தலையைச் சொறிந்தான். சொறிய முடிதான் இல்லை.

“வாய்ல சொல்றது வேண்டாம். செஞ்சு காட்டுங்க. நான் ஓரமா நிக்கிறேன், நான் இல்லைன்னு நினைச்சுக்கங்க.”

அவள் செய்தாள். அவன் அதிசயமாக வாயைத் திறக்கவே இல்லை. எல்லாம் முடிந்து கதவு திறந்தது. வெண்மையான அனல் முகத்தில் அடித்தது. டிராலியை இழுத்து ஓரமாக நிறுத்தினாள். பிறகு கையுறைகளைக் கழற்றினாள். தொட்டியண்டை போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கைகளைக் கழுவினாள். துடைக்காமல் இரண்டு உதறு உதறினாள். திரும்பி வந்து, சின்ன எலும்பு செட்டின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

சூடு உள்ளங்கையைச் சுட்டது. அவளுக்கு அது பிடிக்கும். பிள்ளையின் நெற்றியில் கைவைப்பது போல் இருக்கும். “ஆண்டவரே, இந்த உளி போற எடத்துல உம்முடைய கை முன்னால போகட்டும். சிட்டு ஓடணும் ஆண்டவரே. மத்தப் பிள்ளைகளோட ஓடி விழுந்து முட்டியைப் பேத்துக்கணும், அவ அம்மா திட்டணும்…” ஜெபம் நீண்டது. அந்த செட்டுக்கு மட்டும் எப்போதும் நீளும். மற்ற பொட்டலங்களுக்கு ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது மெக்கானிக்கின் முகம் வெளுத்திருந்தது.

“என்ன தம்பி?”

“இப்போ… இது என்னக்கா?”

“எது?”

“இப்போ பண்ணீங்களே.”

“ஜெபம். தினமும் பண்றதுதான்.”

“எங்கிட்ட சொல்லும்போது இதைச் சொல்லலையே.”

“நீ வேலையைப் பத்தித்தானே கேட்ட?”

எவ்வளவு பெரிய வாய்க்காரனுக்கும் சில வார்த்தைகள் வெளியே வர அஞ்சும். அவன் அவளுடைய கையுறையை மாட்டிக்கொண்டு செட்டை எடுத்து மேசையில் வைத்தான். டேப்பைக் கிழித்தான்.

“ஐயோ, ஆறாம பிரிக்கிறியே! திரும்பவும் முதல்லேர்ந்து செய்யணும்!”

“செஞ்சுக்கலாம். இங்க வாங்க. பாருங்க.”

மேல்துணியை விலக்கினான்.

உள்துணியில் ஒரு கை இருந்தது.

ஐந்து விரலும் விரிந்த, மணிக்கட்டு வரைக்கும் தெளிவான கை. பக்கத்தில் இன்னொன்று. வெள்ளைத் துணியில் சாம்பல் நிறத்தில், யாரோ உள்ளேயிருந்து தள்ளியது போல் இரண்டு ஈரக் கைகள். பெருவிரல் பக்கத்தில் அவளுடைய பழைய வெட்டுத் தழும்பு வளைத்த வளைவுகூட இருந்தது.

ஜெபக்கா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள். துணியைப் பார்த்தாள்.

“வெளிய வந்த பொட்டலம் காஞ்சுதான் இருக்கு,” என்று மெக்கானிக் மெல்லச் சொன்னான். அவனுக்கு இப்படி மெதுவாகப் பேச வரும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. “ஆனா உள்ள சூட்டோட கொஞ்சம் ஆவி நிக்குது. தனியா விட்டா அது துணி வழியா மெதுவா வெளிய போயிடும். நீங்க கைவச்சதும் அந்த எடம் மட்டும் குளுந்துடுது. குளிர்ந்த டம்ளர்ல தண்ணி கோக்குற மாதிரி, ஆவி அங்க வந்து தண்ணியாகுது. போதாததுக்குக் கழுவின கை. கையில இருக்கிற ஈரமும் உள்ள இறங்குது. மேல்துணி ஏசி காத்துல காஞ்சுடும். உள்துணி காயாது. நேரம் ஆக ஆகக் கை மாதிரி இருந்தது பரவி வெறும் திட்டாயிடும். அதனாலதான் மேல யாருக்கும் தெரியல.”

“நான் தொடல,” என்றாள் அவள்.

“அக்கா…”

“நான் யாரையும் தொடவிட மாட்டேன். உனக்கே தெரியும். நான் ஜெபம்தான் பண்ணேன்.”

சொல்லும்போதே அந்த வாக்கியம் அவள் காதில் விழுந்தது. பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். தொடுவதை ஒரு அறையிலும் ஜெபத்தை இன்னொரு அறையிலும் வைத்து, நடுவில் கதவைச் சாத்தி வைத்திருந்திருக்கிறாள். ஒற்றை விரலால் தட்டியவளோடு பேசாமல் இருந்தவள், தன் பத்து விரலையும் ஒருநாளும் எண்ணவில்லை. வேலைக்குள் விசுவாசத்தைக் கொண்டுவந்துவிட்டதாகத்தான் நினைத்தாள். கொண்டுவந்ததை வேலையாக மட்டும் அவள் கணக்கில் எடுக்கவே இல்லை. வேலைக்கு உள்ள சட்டம் ஜெபிக்கிற கைக்கும் உண்டு என்று தோன்றவே இல்லை. நீராவிக்கு எந்தக் கை என்று தெரியாது. பாரத்தோடு வைத்த கையிலும் அது தண்ணீராகத்தான் மாறும்.

சிட்டுவுக்காக அழுது அழுது ஜெபித்ததுதான் இரண்டு முறையும் சிட்டுவைத் தியேட்டர் வாசலிலிருந்து திருப்பி அனுப்பியிருக்கிறது. சத்துரு என்று அவள் கடிந்துகொண்டது இந்தக் கைகளை.

அவள் கேட்டாள்: “மத்த செட்டுக்கெல்லாம் கொஞ்ச நேரம்தான் கைவைப்பேன். அதுல எல்லாம் ஈரம்னு போன் வரலையே?”

மெக்கானிக் துணியின் ஓரத்தைக் கையுறை விரலால் நீவினான்.

“சின்ன ஈரம். பிரிக்கறதுக்குள்ள காஞ்சு போயிருந்தா?”

“காஞ்சு போயிருந்தா தடம் இருக்காதுக்கா.”

“ஆனா உள்ள போன கிருமி போனதுதான்.”

“போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியும்?”

ஜெபக்கா எழுந்து, மேசையிலிருந்த செட்டைத் திரும்பக் கழுவத் தொட்டியருகே எடுத்துப் போனாள்.

தியேட்டர் சிஸ்டரிடம் அவளே போனாள். “நான் சொல்றேன், நீங்க இருங்க, மெஷின் கோளாறுன்னு சொல்லிச் சமாளிச்சுடலாம்” என்று மெக்கானிக் லிஃப்ட் வரை கூடவே வந்தான். “நீ பொய் சொல்லி என்னைக் காப்பாத்தினா அப்புறம் நான் எந்த முகத்தோட ஜெபம் பண்றது?” என்று கேட்டாள். அவன் லிஃப்ட் வாசலிலேயே நின்றுவிட்டான்.

சிஸ்டர் முழுவதையும் கேட்டார். கேட்கக் கேட்க அவர் கண்கள் விரிந்தன. கடைசியில் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

“சூடான செட் மேலயா? ஈரக் கையோடயா? நீயா?”

“நான்தான் சிஸ்டர்.”

“வேற யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். எத்தனை பேருக்கு நீ பாடம் எடுத்திருக்க!” அவர் மேசைமேல் கையை ஊன்றினார். “போன மாசம் அந்தக் குடலிறக்கப் பையனுக்குக் காயம் பழுத்துச்சே. தெரியுமா உனக்கு?”

“தெரியும். அந்தப் பையனுக்காகவும் ஜெபிச்சேன்.”

சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “உன்னாலதான்னு சொல்லமாட்டேன். சொல்லவும் முடியாது. புண்ணு பழுக்க நூறு காரணம் இருக்கு. பையன் தேறிட்டான். ஆனா உன்னால இல்லைன்னும் சொல்ல முடியாது. அதைச் சுமந்துகிட்டுத்தான் நடக்கணும் நீ.”

“சுமக்கிறேன் சிஸ்டர்.”

மேலே சொல்லவேண்டியவர்களுக்கெல்லாம் சிஸ்டர் சொன்னார். அலமாரியிலிருந்த பொட்டலம் அத்தனையும் கீழே இறங்கியது. எல்லாவற்றையும் பிரித்து, மறுபடி கழுவி, மறுபடி அவித்தார்கள். அந்தப் பையனைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். ஜெபக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை: அடுத்த உத்தரவு வரும்வரை அவள் செய்வதை மெக்கானிக்கோ சிஸ்டரோ கண்ணால் பார்க்க வேண்டும். அது வெட்கமாகத்தான் இருந்தது. தலையாட்டினாள்.

தங்கச்சியிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும் விடக் கஷ்டமாக இருந்தது. வார்டில் சிட்டு கட்டிலில் குப்புறப் படுத்து, ஆடுகிற காலை ஆட்டிக்கொண்டே பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

“உன் கையாக்கா?” என்றாள் தங்கச்சி. மறுபடியும், “உன் கையா?” என்றாள். முகத்தில் கோபம்கூட வரவில்லை. யாரென்றே தெரியாத ஒருத்தியைப் பார்ப்பது போல் பார்த்தாள். “நான்தானே சொன்னேன், நல்லா ஜெபம் பண்ணுன்னு. அப்போ நானும்தானே…”

“நீ ஜெபம் பண்ணச் சொன்ன. ஈரக் கையை வைக்கச் சொல்லல.”

“இனிமே ஜெபமே வேண்டாம்கா. அந்தச் செட் பக்கம் நீ போகவே போகாத. வேற யாரையாவது செய்யச் சொல்லு.”

சிட்டு தலையைத் தூக்கினாள். “பெரியம்மா, நீங்க ஜெபம் பண்ணாட்டி யாரு பண்ணுவா? அந்த மொட்டை மாமாவா?”

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. ஆனால் தங்கச்சி அழ ஆரம்பித்தாள். அது அந்தப் பார்வையைவிடத் தேவலை.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் பகலில் சின்ன எலும்பு செட்டை அவளே எடுத்தாள். வேறு யாரையாவது செய்யச் சொல்லலாம்தான். ஆனால் அந்தக் குட்டி இடுக்கிகளின் மூட்டு இடுக்குகளை அவளைப்போல் தேய்த்துக் கழுவ அங்கே யாருமில்லை என்று சிஸ்டரே சொல்லிவிட்டார். மெக்கானிக் ஸ்டூலைப் போட்டு எதிரே உட்கார்ந்தான்.

“அக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? ஜெபத்தை வீட்ல பண்ணிட்டு இங்க வேலையை மட்டும் பாருங்களேன். எல்லாரும் அப்படித்தானே இருக்காங்க?”

“அப்படி இருந்து பார்த்தேன் தம்பி, இந்த வாரம் முழுக்க. கருவியைக் கழுவுறேன், அது யார் உடம்புக்குள்ள போகப்போகுதுன்னு நினைப்பு வரல. வெறும் இரும்பாத் தெரியுது. நேத்து ஒரு கத்திரியோட கீல்ல அழுக்கை விட்டுட்டேன். என் வாழ்நாள்ல விட்டதில்ல.”

அவன் ஸ்டூலை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

கழுவினாள். காயவைத்தாள். அடுக்கினாள். முதல் துணியைச் சுற்றினாள். இரண்டாவது துணியைச் சுற்றி, நான்கு முனையையும் மடித்து, டேப்பை ஒட்டி, மேலே உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். டேப் ஒட்டவேண்டும் என்றால் தேய்த்துத்தான் ஆகவேண்டும்.

தேய்த்த கை அப்படியே நின்றது.

இந்தப் பொட்டலத்தை இதுவரை எத்தனை முறை தொட்டிருக்கிறாள்? தூக்கினாள், திருப்பினாள், மடித்தாள், தேய்த்தாள். யாரும் திட்டவில்லையே, ஏன்? இது இன்னும் உள்ளே போகவில்லை. இந்தப் பக்கம் எந்தக் கை எதை வைத்தாலும் பின்னால் நீராவி வந்து அத்தனையையும் கொன்றுவிடும். பம்பு வந்து அத்தனை ஈரத்தையும் உறிஞ்சிவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாலோ, ஒரு விரல் பட்டாலும் அதைத் துடைக்கப் பின்னால் யாரும் வரப்போவதில்லை. தப்பு கைவைத்ததில் இல்லை. கதவுக்கு எந்தப் பக்கம் நின்று கைவைத்தாள் என்பதில்தான் இருந்தது.

“தம்பி,” என்றாள். “மூடறதுக்கு முன்னாடி கைவச்சா?”

மெக்கானிக் நிமிர்ந்து உட்கார்ந்தான். பொட்டலத்தைப் பார்த்தான், கதவைப் பார்த்தான். அவன் மண்டைக்குள் குழாயும் வால்வும் திறந்து மூடுவது முகத்தில் தெரிந்தது.

“வைங்க,” என்றான். “குளுந்த துணி, ஆவி இல்ல, தண்ணி கோக்காது. மத்ததை மெஷின் பார்த்துக்கும்.” பிறகு, “ஆனா கையைத் துடைச்சுட்டு வைங்க. துணி நனைஞ்சு உள்ள போனா அது வேற பிரச்சனை.”

கையைக் கழுவி, உலர உலரத் துடைத்து, அவள் கைவைத்தாள். வெதுவெதுப்பு இல்லை, துணி குளிர்ந்திருந்தது. அதனால் வார்த்தைகள் முதலில் தடுமாறின. “ஆண்டவரே, நான் உம்மை வச்சுக்கிட்டே தப்பு பண்ணேன்,” என்று ஆரம்பித்தாள். அந்தக் குடலிறக்கப் பையனைச் சொன்னாள். பிறகு சிட்டுவைச் சொன்னாள். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, மொட்டைத் தலை ஒன்றையும் சேர்த்துச் சொன்னாள். மெக்கானிக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே வைத்தாள். கதவு மூடியது. காற்று போனது, நீராவி வந்தது, அதுவும் போனது. கதவு திறந்து டிராலியை இழுத்து, குளிர்காற்று பட்டாலும் ஆவி தண்ணீராகிவிடும் என்று ஏசி காற்று நேராகப் படாத மூலையில் நிறுத்தியதும், அவளுடைய கைகள் தாமாகவே எழுந்தன. பழக்கம். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு, செட் ஆறும்வரை நின்றாள்.

மறுநாள் காலை தியேட்டரில் செட்டைப் பிரித்தார்கள். சிட்டு வெளியே தள்ளுவண்டியில் படுத்திருந்தாள், தங்கச்சி அவள் விரலைப் பிடித்திருந்தாள். மேல்துணியை விலக்கிய சிஸ்டர், உள்துணியைப் புறங்கையால் தடவவில்லை, தடவக்கூடாது. விளக்கை இழுத்துப் பக்கவாட்டில் காட்டி, ஒவ்வொரு மடிப்பாகக் குனிந்து பார்த்தார். பிறகு கீழே போன் செய்தார்.

“காஞ்சிருக்கு. பாப்பாவை உள்ள எடுக்கறோம்.”

அதற்குப் பிறகு அந்தப் பிரிவில் வேலை இப்படித்தான் நடக்கிறது: பொட்டலத்தின் மேல் கைவைத்து ஜெபிப்பது கதவு மூடுவதற்கு முன், உலர்ந்த கையால். கதவு திறந்த பிறகு, செட் முழுக்க ஆறும்வரை, எவர் கையும் எதன் பொருட்டும் அதன் மேல் படாது.